சுத்தமாகக் கூட்டிய காடு

ரேஞ்சர் பைலை மூடப் போனார். நான் எழுந்து நின்றேன்.

எழுந்து நின்றேன் என்று லேசாக எழுதிவிட்டேன். என் முழங்கால் சம்மதம் சொல்லவே கொஞ்ச நேரம் பிடிக்கும். ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையால் பக்கத்தில் இருந்த சரசுவின் தோளைப் பிடித்து நான் நிமிர்வதற்குள், சமுதாயக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள்.

"என்னுங்கக்கா, காலு மரத்துப் போச்சுங்களா?" என்றாள் சரசு. நான் மேஸ்திரியாக இருந்த செட்டில் பல வருஷம் நாற்று நட்டவள்.

"காலுக்கு ஒண்ணுமில்ல. நான் பேசோணும்."

"இப்பவா? அவரு கெளம்பறாருங்க."

"கெளம்புனா மறுக்கா உக்காரட்டும்."

அது ரேஞ்சர் காதில் விழுந்துவிட்டது. புதிதாக வந்தவர், சின்ன வயது. சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து, "சொல்லுங்கம்மா" என்றார்.

எனக்கு வாய் வரவில்லை. யானை எதிரில் வந்தபோதுகூட சத்தம் போட்டு ஆட்களைத் திருப்பி அனுப்பியவள் நான்.

கூடத்தின் கடைசியில், கதவோரமாக ரங்கண்ணன் உட்கார்ந்திருந்தார். எங்கள் தெருக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எல்லாரும் என்னைப் பார்க்க, அவர் மட்டும் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேச எழுந்தது அவரைப் பற்றித்தான்.

இரண்டு பேரும் ஒரு பேச்சு

இது இந்த மாசியில் நடந்தது.

எங்கள் ஊர் காரமடைக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. ஊருக்கு மேலே உள்ள சரிவு முழுவதும் வனத்துறையின் தைல மரக் காடு. பேப்பர் மில்லுக்குப் போகிற மரம். தை மாதத்தில் பாதிச் சரிவை வெட்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள். மீதியை வெட்டுவதா வேண்டாமா, வெட்டின இடத்தில் எதை நடுவது என்று பேசத்தான் கூட்டம்.

மரம் வெட்டுகிற காண்ட்ராக்டர் மேட்டுப்பாளையத்திலிருந்து வந்திருந்தார். "மீதியையும் வெட்டிப்போட்டு, மழைக்கு முன்னால புதுத் தைலமே நட்டுப்போடலாமுங்க. மில்லுல கேக்கறது அதைத்தானுங்க" என்றார்.

"இனி ஒரு மரம்கூட வெட்டக் கூடாதுங்க சார்" என்று எழுந்தாள் காவ்யா. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு வந்து மலையடியில் மரம் நடுகிறாள். "வெட்டுன எடத்துல நம்ம மலை மரம் வெக்கோணும். வேங்கை, நாவல், புங்கன் எல்லாம்."

"அம்மணி, நாவல் மரத்துல பேப்பர் வராதுங்க."

"பேப்பர் வராட்டிப் போகுதுங்க. பழம் வருமில்லீங்க?"

கூடமே சிரித்தது. எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

என் கட்சியைக் கேட்டால், நான் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம். மரம் வெட்டுவதில் எனக்கு அழுகை வருவதில்லை. வெட்டுவதற்காக நட்ட மரத்தை வெட்டத்தான் வேண்டும். கரும்பை வெட்டும்போது யாரும் அழுவதில்லை. ஆனால் ஓடைப் பள்ளத்து ஓரத்தில் தைலத்தை வைத்தது தப்பு. அங்கே தண்ணீர் ஓடின காலம் எனக்குத் தெரியும். அந்த ஓரத்தைக் காவ்யாவுக்குக் கொடுத்துவிடலாம். மேல் சரிவை மில்லுக்குக் கொடுக்கலாம்.

ஆனால் என் கண் வேறு ஒன்றில் இருந்தது.

வெட்டின சரிவில் கொப்பும் தழையும் உரித்த பட்டையும் நீள நீளமாகக் குவித்துப் போட்டிருந்தார்கள். மேலிருந்து கீழ்வரைக்கும் வரப்பு போட்ட மாதிரி. ஒவ்வொரு குவியலும் கீழ்வரிசை வீடுகளின் வேலிக்குப் பின்னால் வந்து முடிந்தது. மாசி வெயிலில் தழை பழுப்பு ஏறிக் காய்ந்துவிட்டிருந்தது. பங்குனிக் காற்று வருவதற்குச் சில வாரம்தான்.

அவர்கள் இரண்டு பேரும் மோதி ஓய்ந்ததும் அதைக் கேட்டேன். குவியலை என்ன செய்யப்போகிறீர்கள் என்று.

"கெடக்கட்டுமுங்க. மக்கி எருவாப் போகும்" என்றார் காண்ட்ராக்டர்.

"ஆமாங்க, எரிக்கவே கூடாது. மண்ணுக்கு நல்லது" என்றாள் காவ்யா.

அதுவரைக்கும் எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேரும் இந்த ஒன்றில் ஒத்துப்போனார்கள். ரேஞ்சருக்குப் பரம சந்தோஷம். "அப்ப அது முடிஞ்சுது" என்றார். தீக்கு என்ன வழி என்று சரசு கேட்டதற்கு, பழைய பைல் ஒன்றைப் பிரித்தார்.

"இந்தச் சரிவுல பெரிய தீ ஒரு தடவைதான் வந்திருக்கு. காரணம் தெளிவா எழுதியிருக்கு. மாடு மேய்க்க வந்தவர் போட்ட பீடி. அதனால நாளையிலேர்ந்து சித்திரை முடியற வரைக்கும் ஊர்க்காரங்க யாரும் உள்ளே போகக் கூடாது. விறகுக்கும் போகக் கூடாது. ஆள் போகலைன்னா தீயும் வராது."

பைலில் பெயரும் இருந்திருக்கும். அவர் படிக்கவில்லை. படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. கூடத்தில் பாதிப் பேர் ரங்கண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் நான் எழுந்தேன்.

நட்ட கை

அந்தச் சரிவில் முதல் தைல நாற்றை நட்டது நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் அது வெறும் முள்ளும் புல்லுமாகக் கிடந்த இடம். வனத்துறையில் குழி வெட்ட ஆள் எடுத்தார்கள். நான் கடப்பாரை பிடித்தேன். இரண்டாவது வருஷம் நாற்று நட்டேன். அப்புறம் பெண்கள் செட்டுக்கு மேஸ்திரி ஆனேன். அதற்குக் கையெழுத்துப் போடத் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டேன். அதிலிருந்து எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வந்தது. பத்திரிகையில் வருகிற இந்தத் தொடரையும் அப்படி எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம்.

தைல நாற்று வேலையில் ஒரு தொந்தரவு உண்டு. கையில் அந்த வாசம் ஏறிவிடும். சோப்புப் போட்டாலும் போகாது. சோற்றைப் பிசைந்தால் சோறு மணக்கும். என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும், "சளி புடிச்சா மருந்துக்கடைக்குப் போக வேண்டாம், உன்ற கையை மோந்தாப் போதும்" என்று கேலி செய்வார்.

காவ்யாவின் கூட்டம் முதல்முதலாக நட வந்த நாள் ஞாபகம் வருகிறது. எல்லாருக்கும் ஒரே மாதிரி பனியன், தலையில் தொப்பி. பாட்டெல்லாம் பாடி நட்டார்கள். அவர்கள் போன பிறகு நான் போய்ப் பார்த்தேன். நாற்றைப் பாலிதீன் பையோடு குழியில் இறக்கி மூடியிருந்தார்கள். ஒன்றிரண்டு இல்லை, எல்லாமே. சரசுவும் நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தோண்டிப் பையைக் கிழித்துவிட்டு மறுபடி நட்டோம்.

அடுத்த ஞாயிறு காவ்யாவிடம் சொன்னேன். முகம் சிவந்துபோயிற்று. ஆனால் சாக்குச் சொல்லவில்லை. "தப்புத்தானுங்க, இனி பண்ணமாட்டோமுங்க" என்றாள். தப்பைத் தப்பு என்று சொல்ல அவளுக்கு ஒரு நொடி ஆயிற்று. எனக்கு எத்தனை வருஷம் ஆயிற்று என்பதுதான் இந்த வாரக் கதை.

வாசல் மாதிரி

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்தால்தான் பொழுது விடிந்த மாதிரி. குப்பை கிடக்கிற வாசலைப் பார்த்தால் அந்த வீட்டுக்காரியைப் பற்றி என்ன பேசுவோம் என்று எங்களுக்கே தெரியும்.

தைல மரம் இருக்கிறதே, அது வருஷம் முழுக்க உதிர்க்கும். இலை, குச்சி, பட்டை. பட்டை நீள நீளமாக உரிந்து, நாடா மாதிரித் தொங்கி, கீழே விழுந்து சுருண்டு கிடக்கும். நாங்கள் நட்ட மரம் ஆள் உயரம் தாண்டி, பனை உயரம் வந்தபோது தரையெல்லாம் ஒரே சருகு. எங்களுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

கூட்ட ஆரம்பித்தோம். யாரும் சொல்லவில்லை. அது எங்கள் வேலையும் இல்லை. களை வெட்டுகிற நாளில் களையை வெட்டிவிட்டு, மீதி நேரத்தில் விளார் ஒடித்துக் கட்டிக் கூட்டுவோம். மரத்தடி ஒவ்வொன்றும் மண் தெரியும்படி இருக்கும். சருகை வரிசைக்கு நடுவில் குவிப்போம். மேலிருந்து கீழ்வரைக்கும் நேர்கோடு. கோடு கோணினால் நான் விடமாட்டேன். மறுபடி இழுக்கச் சொல்வேன்.

ஒருமுறை பெரிய அதிகாரி ஒருத்தர் ஜீப்பில் வந்தார். இறங்கிப் பார்த்துவிட்டு, "இதென்ன காடா, கல்யாண மண்டபமா? பவானி ஜமக்காளத்தை விரிச்சுப் பந்தி போடலாம் போலிருக்கே" என்றார். அன்றைக்கு எங்கள் செட்டுப் பெண்கள் யாரும் தரையில் நடக்கவில்லை.

பக்கத்துச் சரகத்தில் வேறு ஒரு செட்டு இருந்தது. அவர்கள் காட்டில் சருகு அப்படி அப்படியே கிடக்கும். "அவளுக ஊடும் அப்படித்தான் இருக்கும்" என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

காட்டுக்கும் ஊருக்கும் நடுவில் தீத்தடுப்புக் கோடு ஒன்று உண்டு. நாங்கள் பயர் லைன் என்போம். ஒரு வண்டிப்பாதை அகலத்துக்குப் புல் பூண்டு இல்லாமல் செதுக்கிவிட்ட வெறும் மண். மேலே தீப் பிடித்தாலும் அந்த மண்ணைத் தாண்டி ஊருக்கு வராது. அதையும் செதுக்கியது எங்கள் செட்டுத்தான்.

நாங்கள் கூட்டிக்கொண்டே கீழே வருவோம் இல்லையா? கடைசியில் எங்கே வந்து நிற்போம்? அந்தக் கோட்டில். காலியாகக் கிடக்கிறது, குவிக்க வசதியாக இருக்கிறது. அங்கேயே தள்ளினோம். அப்புறம் அள்ளி வெளியே கொட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பு.

அப்போது தீக் காவலுக்கு இருந்த ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, "பொன்னாத்தா, இதை அள்ளிப்போட்டுரு" என்றார்.

"அள்ளறோமுங்க, அள்ளறோமுங்க. நோம்பி முடியட்டுமுங்க" என்றேன்.

மாரியம்மன் நோம்பி, எங்கள் ஊர்த் திருவிழா. ஊரில் கம்பம் நட்டுவிட்டார்கள். யாருக்கு வேலையில் மனசு போகும்?

பொங்கல் பானைக்கு நடுவில்

நோம்பி அன்று மத்தியானம், கோயில் வாசலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தோம். எல்லா அடுப்பும் புகைந்துகொண்டிருந்ததால் வேறு புகை யாருக்கும் தெரியவில்லை. எனக்குத்தான் முதலில் தெரிந்தது. புகையில் தைல வாசம் வந்தது. எங்கள் அடுப்பில் யாரும் தைலம் எரிக்கவில்லை.

ஓடினேன். என் பின்னால் செட்டே ஓடி வந்தது.

நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். தீ காடு முழுக்கப் பரவவில்லை. நாங்கள் கூட்டி வைத்த மரத்தடி மண்ணைத் தொடக்கூட இல்லை. நாங்கள் போட்ட நேர்கோடுகளில் மட்டும், வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி வந்துகொண்டிருந்தது. ஒரு வாய்க்கால் இல்லை. ஏழெட்டு. சருகு ஆள் இடுப்பு உயரம் குவிந்திருந்ததால் தீயும் அந்த உயரத்திலிருந்து எழும்பித் தொங்குகிற பட்டையைப் பிடித்தது. பட்டை எரிந்துகொண்டே பறந்தது.

பயர் லைனுக்கு வந்தது. நிற்க வேண்டிய இடம். நின்றிருக்கும். நாங்கள் குவித்த சருகு அங்கே பாலம் போட்டு வைத்திருந்தது. ஏறித் தாண்டிவிட்டது.

கீழ்வரிசையில் நாலு கூரை வீடு போயிற்று. ரங்கண்ணன் கோயிலிலிருந்து ஓடி வந்து, அடுத்தவர்கள் கொட்டகையில் கட்டியிருந்த மாடுகளை எல்லாம் கயிற்றை அறுத்து விரட்டிவிட்டார். அதனால் உயிர்ச்சேதம் இல்லை. அவர் வீடும் அந்த நாலில் ஒன்று.

ஒரு கையெழுத்து

மறுநாள் பாரஸ்டர் காகிதத்தோடு வந்தார். சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. மேஸ்திரி என்கிற முறையில் என்னைத்தான் கேட்டார்.

"எப்படிம்மா புடிச்சுது?"

நான் இரண்டு சொன்னேன். "காத்தால மாட்டை ஓட்டிட்டு ரங்கண்ணன் மேல போனாருங்க" என்றேன். "அவரு பீடி குடிப்பாருங்க" என்றேன்.

இரண்டும் பொய் இல்லை. அதனால்தான் அத்தனை வருஷம் என்னால் நிம்மதியாகச் சாப்பிட முடிந்தது. சருகைப் பற்றி அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. கல்யாண மண்டபம் மாதிரி வைத்திருந்த காட்டை நான்தான் எரிய வைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? காகிதத்தைப் படித்துக் காட்டினார். கீழே கையெழுத்துப் போட்டேன்.

அதற்கப்புறம் காட்டுக்குள் மாடு விடக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. ரங்கண்ணன் தன் மாடுகளை ஒவ்வொன்றாகச் சந்தைக்கு ஓட்டிப்போனார். பிறகு ஒரு நூல் மில்லில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். மாரியம்மன் முன்னால் கற்பூரம் அடித்து, "நான் வெக்கல" என்று சத்தியம் செய்தார். கேட்டுக்கொண்டார்கள், நம்பவில்லை. அவர் திரும்பக் கட்டிய வீட்டுக்குத் "தீக்காரர் ஊடு" என்று பெயர் நின்றுவிட்டது. வெளியூரிலிருந்து வருகிற சொந்தக்கார ஒரம்பரைக்கு வழி சொல்லும்போதுகூட அப்படித்தான் சொல்வார்கள்.

காகிதத்தில் கையெழுத்துப் போட்டது நான் என்று அவருக்குத் தெரியாது. தீபாவளிக்குத் தீபாவளி அவர் வீட்டிலிருந்து எனக்கு வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் வரும். நானும் வாங்கித் தின்பேன்.

மீதிப் பாதி

கூடத்துக்கு வருகிறேன். நான் நின்றுகொண்டே இருந்தேன். ரேஞ்சர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், அந்தப் பைல்ல கடைசீல ஒரு கையெழுத்து இருக்குமுங்க. கோணலா இருக்கும், பாருங்க."

புரட்டினார். "பொன்னாத்தான்னு இருக்கு."

"அது என்ற கையெழுத்துங்க. அன்னைக்கு நான் சொன்னது பாதிதானுங்க. மீதியை இப்பச் சொல்றேன், எழுதிக்கங்க."

சொன்னேன். கூட்டினது, குவித்தது, பயர் லைனில் தள்ளினது, அள்ளச் சொன்னவருக்கு நோம்பி முடியட்டும் என்றது, எல்லாம். நான் பேசப் பேச மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கதவுப் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"பீடியாவே இருக்கட்டுமுங்க. புல்லுல உழுந்திருந்தாக் கொஞ்சம் பொகைஞ்சு அணைஞ்சிருக்கும். ஊடு வரைக்கும் அதைக் கூட்டிட்டு வந்தது என்ற குவியலுங்க. இப்ப மேல கெடக்கறது அதே மாதிரிக் குவியல். ஊர்க்காரங்களை உள்ள உடாம நிறுத்திப்போடலாமுங்க. ரோட்டுல போறவன், லாரிக்காரன், கரண்டுக் கம்பி, எல்லாத்தையும் நிறுத்த முடியுங்களா?"

காண்ட்ராக்டர் குறுக்கிட்டார். "ஏனுங்கம்மா, அது அந்தக் காலமுங்க. இப்ப நடறது புது ரகம்."

"ஒரு எலையைக் கையில கசக்கிப் பாருங்க. எண்ணெய் கொறைஞ்சிருந்தா நான் உக்காந்துக்கறேன்."

அவர் கசக்கிப் பார்க்கவில்லை.

காவ்யா மெதுவாகக் கேட்டாள். "அப்ப எல்லாத்தையும் எரிச்சே ஆகோணுங்களா? மண்ணுல இருக்கற உசுரெல்லாம் செத்துப்போகுமேங்க?"

"எல்லாத்தையும் வேண்டாங்கண்ணு. மேல் சரிவுல குவியலைக் கலைச்சுப் பரத்திப் போட்டாப் போதும், மக்கட்டும். நீ சொன்னது சரிதான். பெரிய கொப்பை ஊர்ச்சனம் வெறகுக்கு எடுத்துக்கட்டும். உள்ள போகாதேன்னு சொல்றதுக்குப் பதிலா நாலு நாளு வாங்கன்னு சொன்னா ஒரு குச்சி மிஞ்சாது. ஊட்டுக்குப் பக்கத்துல மிஞ்சற தழையையும் பட்டையையும் மட்டும் சின்னச் சின்னதாப் பிரிச்சு, பனி ஈரம் இருக்கறப்ப, காத்து இல்லாத காலைல எரிச்சுப்போடோணும்."

"அனுமதி இல்லாம காட்டுல தீ வைக்க முடியாதும்மா" என்றார் ரேஞ்சர். "நான் மேலே கேக்கணும்."

"கேளுங்க. குவியல் கெடக்கற வரைக்கும் என்ற செட்டு நடவுக்கு வராதுங்க."

நான் வேலையை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. என் செட்டு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் சரசு எழுந்து என் பக்கத்தில் நின்றாள். "ஆமாங்க, வரமாட்டோமுங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் எழுந்தார்கள். காண்ட்ராக்டர் முகம் மாறியது. மழைக்கு முன் நட ஆள் இல்லை என்றால் அவருக்கு அந்த வருஷமே போயிற்று.

எங்கள் ஊரில் போன் சிக்னல் எடுப்பது தண்ணீர்த்தொட்டிப் பக்கம் மட்டும்தான். ரேஞ்சர் அங்கே போய் வெகுநேரம் பேசிவிட்டு வந்தார். துறை ஆட்களே நின்று எரிப்பார்கள், ஊர்க்காரர்கள் கூட இருக்கலாம், விறகுக்கு நாலு நாள் என்று சொன்னார். பிறகு, "நீங்க சொன்னதை எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடுங்கம்மா" என்று காகிதத்தை நீட்டினார்.

முழுக்கப் படித்துவிட்டுத்தான் போட்டேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

நிமிர்ந்து பார்த்தால் கதவோரம் காலியாக இருந்தது. ரங்கண்ணன் எப்போது எழுந்து போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். இரண்டு தடவை செருப்பைப் போட்டேன், இரண்டு தடவையும் கழற்றினேன். காட்டைப் பற்றிக் கூட்டத்தில் பேசிவிடலாம். அந்த வீட்டு வாசலில் போய் நிற்பது வேறு.

பனி காய்வதற்கு முன்

நாலே நாளில் கொப்பெல்லாம் காணாமல் போயிற்று. நான் சொன்னபடியே ஆயிற்று என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். மேல் சரிவில் குவியலைக் கலைத்துப் பரப்பினார்கள். காவ்யாவும் லீவு போட்டுவிட்டு வந்து தழை இழுத்தாள்.

அடுத்த நாள் விடிந்ததும் எரிக்கத் தொடங்கினோம். தரையெல்லாம் பனி. ஒரு இலை அசையவில்லை. தண்ணீர் டிரம், நனைத்த சாக்கு, பச்சைக் கொப்பு எல்லாம் தயார். ஒரு குவியல் எரிந்து சாம்பலானதும் அதில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் அடுத்தது. நான் கல்லின் மேல் உட்கார்ந்து, அதைச் சின்னதாக்கு, இதை மரத்துக்குத் தள்ளி வை என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தேன்.

பக்கத்தில் ஈரச் சாக்கோடு ஒருவர் வந்து நின்றார். ரங்கண்ணன்.

"பனியில ஏனுங்கண்ணா வந்தீங்க?" என்றேன்.

"எங்கூட்டுக்குப் பின்னாலதானே எரிக்கறீங்க. பாக்க வேண்டாமா?"

பறந்து வந்த ஒரு பொறியைச் சாக்கால் அடித்து அணைத்தார். பிறகு, "பொன்னாத்தா" என்றார்.

"சொல்லுங்கண்ணா."

"அந்தப் பீடி என்ற பீடிதான்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"அன்னைக்கு நோம்பிக்கு நேரமாச்சுன்னு மாட்டை அவசரமா ஓட்டிட்டு வந்தேன். பீடியைப் போட்டேன். மிதிச்சனா இல்லியான்னு நெனப்பில்ல. திரும்பிப் பாக்கவுமில்ல."

"கோயில்ல கற்பூரம் அடிச்சீங்களே?"

"நான் வெக்கலன்னுதான் அடிச்சேன். வெக்கல, போட்டேன்."

என்னைப் போலவே அவரும் பாதியைச் சொல்லித்தான் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நாலு நாளாக அவர் வாசலில் நிற்கப் பயந்து செருப்பைப் போட்டுக் கழற்றியிருக்கிறேன். ஆனால் கோபம் வரவில்லை.

"அதைக் கூடத்துலயே சொல்லியிருக்கலாமில்லீங்க? நான் ஒருத்தியா நின்னுட்டு இருந்தேன்."

"சொல்லலாமுன்னுதான் எந்திரிச்சேன்." சாக்கை மற்றத் தோளுக்கு மாற்றினார். "அப்பறம் யோசிச்சேன். பீடி என்றதுங்கன்னு நான் வாயத் தெறந்தா, அந்த ரேஞ்சரு என்ன பண்ணுவாரு? பாத்தீங்களா, பைல்ல இருக்கறது சரிதான்னு மூடிப்போட்டுப் போயிருப்பாரு. குவியல் அங்கயேதான் கெடந்திருக்கும். அதுதான் வெளிய போயிட்டேன்."

ஊரே அவரைத் தீக்காரர் என்றது. கூடத்தில் அந்தப் பெயரை நான் என் வாயால் கழற்றிக் கொடுத்தபோது, நின்று வாங்கிக்கொள்ளக்கூட இல்லாமல், வீடுகள் தப்பட்டும் என்று எழுந்து போயிருக்கிறார்.

"நீயும் நல்லாத்தான் பேசுனே. கடைசீல கொஞ்சம் அழுதுபோட்டே" என்றார்.

"நானா? நான் எங்கீங்க அழுதேன்? அந்தக் கூடத்துல காத்தே இல்ல, வேர்த்துக் கண்ணுல எறங்கிப்போச்சு."

"மின்விசிறி ஓடுச்சே?"

"அது உங்க பக்கம் ஓடியிருக்கும்."

சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து வெகுநாள் ஆயிற்று.

பங்குனியில் காற்று வந்தது. மேற்கே ஒரு மலையில் மூன்று நாள் தீ எரிந்தது. எங்கள் சரிவில் ஓடைப் பள்ளத்துக்கு மேலே ஓரிடத்தில் புல் பிடித்தது. எப்படிப் பிடித்தது என்று தெரியவில்லை. பரப்பின தழையில் கணுக்கால் உயரத்துக்கு வந்து, வெறும் மண்ணைக் கண்டதும் நின்றுவிட்டது. தீக் காவலர்கள் பச்சைக் கொப்பாலேயே அடித்து அணைத்தார்கள். மீதித் தைலத்தை வெட்டுகிற சண்டை மட்டும் இன்னும் தீரவில்லை. காவ்யாவும் காண்ட்ராக்டரும் மாதம் ஒருமுறை கூடத்தில் மோதிக்கொள்கிறார்கள். நான் போய் இரண்டு பேரையும் திட்டிவிட்டு வருகிறேன்.

இதை எழுதுவதற்கு முன் ரங்கண்ணனிடம் கேட்டேன். பத்திரிகையில் வரும், நாலு பேர் படிப்பார்கள், எழுதட்டுமா என்று.

"எழுதிக்க. குவியல்தான் எரிஞ்சுபோச்சே, இனி யாருக்குத் தெரிஞ்சா என்ன?" என்றார். பிறகு கூப்பிட்டு, "பீடின்னு எழுதாதே. சுருட்டுன்னு எழுது. கொஞ்சம் மரியாதையா இருக்கும்" என்றார்.

பீடி என்றுதான் எழுதியிருக்கிறேன். கோபம் வந்தால் வந்து சண்டை போடட்டும். அவர் வீடு என் வீட்டிலிருந்து நாலு எட்டுத்தான்.